டிக்கியில் ஒரு தண்ணீர்த் தொட்டி!

சைக்கிளுக்குக் காற்றடித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அடுத்த தடவை வீட்டுப் பையன் மூச்சு வாங்கக் காற்றடித்து முடித்ததும், பம்ப்பின் அடிப்பாகத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுரீர் என்று இருக்கும்! அடுப்பில் வைக்கவில்லை, வெயிலில் காயவில்லை. பின்னே எங்கிருந்து வந்தது அந்தச் சூடு? உள்ளே பிஸ்டன் உராய்வதால் கொஞ்சம் வந்திருக்கலாம். பெரும்பகுதி, காற்றை நெருக்கிப் பிழிந்ததால் வந்தது. காற்றுக்கும் மனிதரைப் போல ஒரு குணம். நெருக்கினால் சூடாகிவிடும்!

இந்தச் சின்ன விஷயத்துக்காக ஒரு குடும்பம் தன் காரின் டிக்கியில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தது. வைப்பதற்கு முன் கணவன் மனைவிக்குள் ஓர் ஒப்பந்தமே நடந்தது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்கு அருகே ஒரு வீட்டில் சில நாட்கள் விருந்தாளியாகத் தங்கியிருந்தேன். மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்போன ஊர் அது. அந்த வட்டாரத்தில், சனிக்கிழமை காலை என்றால் பல வீடுகளில் கார் ஷெட் கதவு திறந்திருக்கும். காருக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நான் தங்கிய வீட்டிலும் அப்படித்தான். கால்களுக்கு உரியவர் வீட்டுக்காரர். பக்கத்தில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வீட்டம்மாள். குழந்தை தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அவர் சொல்கிறபடி பார்த்தால், எங்கள் காருக்கு ஜுரம். மருந்து டிக்கியில் வைக்கப் போகிறார்" என்றாள் அந்த அம்மாள்.

காற்றுப் பசி

ஜுரம் ஏன் வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். இஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் காற்றைப் பலவந்தமாக உள்ளே திணித்தால், அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூடுதலாக எரியும், சக்தியும் கூடும். இப்படிக் காற்றைத் திணிக்கும் கருவிக்குத்தான் சூப்பர்சார்ஜர் என்று பெயர். இஞ்சினோடு ஒரு பெல்ட்டால் பிணைக்கப்பட்டு, இஞ்சின் சுழலும்போது அதுவும் சுழலும்.

இதன் பூர்வீகம் வேடிக்கையானது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். 1860ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு காற்றூதிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதியது. பின்னால் மோட்டார் இஞ்சினுக்கும் அதே ஏற்பாடு உதவும் என்று தெரியவந்தது. 1921ஆம் வருஷம் பெர்லினில் நடந்த மோட்டார் கண்காட்சியில் மெர்ஸிடிஸ் கம்பெனியார் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களைக் காட்டினார்கள். இன்றைக்கும் பல சூப்பர்சார்ஜர்கள் ரூட்ஸ் வம்சத்தைச் சேர்ந்தவையே.

அமெரிக்காவில் 2009 முதல் 2015 வரையிலான மாடல்களாக வந்த காடிலாக் சி.டி.எஸ்.-வி என்ற காரைச் சொல்லலாம். நான்கு கதவு வைத்து, பின் சீட்டும் டிக்கியுமாகக் குடும்பத்துக்கு ஏற்றபடியும் கிடைத்த கார். ஆனால் பானெட்டுக்கு அடியில் 6.2 லிட்டர் இஞ்சின். அதன் தலைமேல் ஒரு சூப்பர்சார்ஜர். மொத்தம் 556 குதிரைச் சக்தி! அலுவலகத்துக்கும் போகலாம், பந்தயத்துக்கும் போகலாம் என்பது இந்த ஜாதிக் கார்களின் தத்துவம். நம் வீட்டுக்காரருடைய காரும் ஏறக்குறைய இந்த ரகந்தான்.

இனி கணக்கைப் பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 1.6 மடங்குக்கு நெருக்கினால், 30 டிகிரி சூட்டில் உள்ளே போன காற்று ஏறக்குறைய 100 டிகிரியில் வெளியே வரும். தண்ணீர் கொதிக்கிற சூடு! அதையா இஞ்சினுக்குக் கொடுப்பது? சூடான காற்று விரிந்து மெலிந்துவிடும். திணித்த பலனில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. அது மட்டுமல்ல. சூடான கலவை, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும்வரை காத்திராமல், மூலையில் தானாகவே வெடித்துவிடும். சம்மட்டியால் அடித்தாற்போல் பிஸ்டன் மேல் இடி விழும். இந்தக் காலத்துக் கார்களில் இதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு கருவி உண்டு. கேட்டதும் காரின் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தி, சக்தியைக் குறைத்து, இஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும். எப்போதும் காப்பாற்றிவிடும் என்று சொல்வதற்கில்லை.

நம் வீட்டுக்காரருக்கு அது அனுபவ பாடம். முந்தின கோடையில் ஒரு நாள், கொளுத்தும் வெயிலில், ஒன்றன்பின் ஒன்றாக நாலு தடவை பந்தயப் பாதையில் ஓட்டினாராம். நாலாவது ஓட்டத்தில் ஒரு பிஸ்டன் உடைந்தது. விடுமுறைக்குக் குழந்தையோடு ஏரிக்கரைக்குப் போவதற்கென்று சேர்த்து வைத்த பணம் அத்தனையும் இஞ்சின் செலவுக்குப் போயிற்று.

"ஏரிக்குப் போகவில்லை. அதனால்தான் இந்த வருஷம் ஏரியை டிக்கிக்குக் கொண்டுவருகிறார்" என்றாள் அம்மாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தப் பணத்தை அவள் மறக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

பத்து கீஸர்கள்

சூடான காற்றைக் குளிர வைத்து இஞ்சினுக்கு அனுப்பும் சாதனம் இன்டர்கூலர். சில கார்களில் வெளிக்காற்றே அதைக் குளிர்விக்கும். சில கார்களில் தண்ணீர். யுத்த காலத்து விமானங்களில்கூட இந்தத் தந்திரம் உண்டு. 1942இல் பறக்கத் தொடங்கிய ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயர் விமானத்தில், மெர்லின் இஞ்சினுக்குக் காற்றை இரண்டு கட்டமாக நெருக்கினார்கள். உயரத்தில் மெலிந்திருக்கும் காற்றை அப்படி நெருக்கியபோது சூடு தாங்கவில்லை. ஆகவே இடையில் திரவத்தால் குளிர்விக்கும் இன்டர்கூலரை வைத்தார்கள்.

காரில் இது எப்படி என்றால், இஞ்சினுக்குள் ஓடும் தண்ணீருக்குச் சம்பந்தமில்லாமல் இதற்கென்று தனியாக ஒரு தண்ணீர் ஓட்டம். ஒரு சிறிய மின்சாரப் பம்ப்பு அந்தத் தண்ணீரைத் தள்ளும். இன்டர்கூலருக்குள் போய்க் காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு, காரின் முகப்பில் இருக்கும் ஒரு சிறு ரேடியேட்டருக்கு வந்து, எதிர்க்காற்றில் ஆறி, மறுபடியும் உள்ளே போகும்.

எவ்வளவு சூடு என்று கேட்கிறீர்களா? நம் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் காய்ச்சும் கீஸர் 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காடிலாக் போன்ற ஒரு காரை முழு வேகத்தில் மிதிக்கும்போது இன்டர்கூலர் வாங்கும் வெப்பம் சுமார் 20 கிலோவாட். ஒரே சமயத்தில் பத்து கீஸர்களைப் போட்ட மாதிரி!

அமெரிக்காவில் பிரபலமான பந்தயம் கால் மைல் பந்தயம். அதாவது 402 மீட்டர், நேர்ப் பாதை. இந்த மாதிரிக் கார் அதைச் சுமார் 12 விநாடியில் ஓடி முடித்துவிடும். பத்து கீஸர்கள் 12 விநாடி எரிந்தால், சுற்றோட்டத்தில் 4 லிட்டர் தண்ணீர் மட்டும் இருந்தால், அது ஏறத்தாழ 14 டிகிரி சூடேறும். 20 லிட்டர் இருந்தால்? 3 டிகிரிதான்! முன்பக்க ரேடியேட்டர் ஒன்றும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

இப்போது தொட்டியின் ரகசியம் புரிந்ததல்லவா? பானெட்டுக்கு அடியிலோ விரல் நுழைய இடமில்லை; அனல் வேறு. ஆகவே அனலுக்கு எட்டாத இடமாக, விசாலமான இடமாக, டிக்கியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பந்தய நாளில் வாய் அகன்ற மூடியைத் திறந்து ஐஸைக் கொட்டவும் வசதி. ஐஸின் மகிமையையும் கேளுங்கள்: ஒரே ஒரு கிலோ ஐஸ் உருகும்போது விழுங்கும் வெப்பம், நாம் சொன்ன அந்த 12 விநாடி ஓட்டத்தின் மொத்த வெப்பத்தைவிட அதிகம்!

மூன்று நிபந்தனைகள்

"எல்லாம் சரி, டிக்கி உங்களுடையது மட்டுமா?" என்று கேட்டாளாம் அம்மாள். நியாயமான கேள்வி. மளிகைச் சாமான் போவது அதில். தள்ளுவண்டி போவது அதில். கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு சம்மதித்தாள்.

முதல் நிபந்தனை: தள்ளுவண்டிக்கு இடம் வேண்டும். அதற்காகத் தள்ளுவண்டியை மடித்து டிக்கியில் வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, மிச்ச இடத்தை அளந்துதான் தொட்டி வாங்கினார்கள். 20 லிட்டர் கொள்ளும் அலுமினியத் தொட்டி. உள்ளே தண்ணீர் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் வைத்தது.

இரண்டாவது நிபந்தனை: கார் எங்காவது மோதினால் அந்தத் தொட்டி பின் சீட்டுக்கு வரக் கூடாது. பின் சீட்டில் குழந்தை உட்காரும். தண்ணீரே 20 கிலோ. தொட்டியும் குழாய்களும் தனி. கார் சட்டென்று நின்றால் கட்டப்படாத பாரம் நிற்குமா? வெறும் பட்டை போட்டுக் கட்டினால் போதாது என்று சொல்லிவிட்டாள். டிக்கித் தளத்துக்கு மேலே போல்ட்டு, கீழே அகலமான இரும்புத் தகடு, நடுவில் தளம் என்று கவ்விப் பிடிக்கும்படி நாலு இடத்தில் முடுக்கினார். தகடு இல்லாமல் சின்ன வாஷர் மட்டும் போட்டால், மோதலின்போது மெல்லிய தளத்தைக் கிழித்துக்கொண்டு போல்ட்டு வந்துவிடும்.

மூன்றாவது நிபந்தனைதான் என் மனத்தைக் கவர்ந்தது. "துளை போடுவதற்கு முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்ட வேண்டும்."

டார்ச் விளக்கோடு அவள் நின்றது அதற்குத்தான். காரின் பின்புறத்தில் தளத்துக்கு அடியில் என்னவெல்லாம் ஓடுகிறது தெரியுமா? பெட்ரோல் டாங்க்கி, பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், மின்சாரக் கம்பிகள். தெரியாமல் டிரில்லிங் மெஷினை அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு துளைக்குக் குறித்த இடத்தைக் கீழேயிருந்து பார்த்தபோது, பிரேக் குழாய் நாலு விரற்கடை தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் பென்சில் குறியை அழித்துவிட்டு வேறிடத்தில் குறித்தார். அம்மாளும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததில்தான் எத்தனை பேச்சு!

குழாய் போட்ட கதை

துளைகளின் விளிம்பை அரத்தால் ராவி, துருப் பிடிக்காமல் பெயின்ட் அடித்து, ரப்பர் வளையம் பொருத்தி, அதன் வழியே இரண்டு குழாய்கள். ஒன்று தண்ணீர் போவதற்கு. மற்றது திரும்பி வருவதற்கு. போகும் குழாய் தொட்டியின் அடியில். வரும் குழாய் மேலே. இரண்டும் காரின் அடிவயிற்றோடு முகப்பு வரைக்கும் போகின்றன. சைலன்ஸர் குழாயின் அனல் படக் கூடாது. சுழலும் ஷாஃப்ட்டில் உரசக் கூடாது. தரையில் இடிபடுகிற மாதிரித் தொங்கக் கூடாது. ஆகவே சாண் சாணாகக் கிளிப்புப் போட்டுக் கட்ட வேண்டும்.

பம்ப்பு வைக்கும் இடத்தில் பலர் ஏமாந்து போகிறார்களாம். இந்த ரகப் பம்ப்பு தண்ணீரைத் தள்ளும், உறிஞ்சத் தெரியாது. தொட்டியைவிடத் தாழ்வான இடத்தில் இருந்தால்தான், தண்ணீர் தானாக இறங்கி அதை நிரப்பும். உயரத்தில் வைத்தால் வெறும் காற்றைக் கடைந்துகொண்டு, சூடேறிக் கெட்டுப் போகும்.

தண்ணீர் ஊற்றிய பிறகு இஞ்சினை எடுக்காமல் பம்ப்பை மட்டும் ஓட்டினார்கள். குழாய்க்குள் தங்கிய காற்றை வெளியேற்றுவதற்காக. இன்டர்கூலர் இஞ்சினின் உச்சியில் இருக்கிறது. காற்றுக் குமிழ் அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் எளிதில் நகராது. திரும்பி வரும் குழாயில் முதலில் களக், களக் என்று குமிழியும் தண்ணீருமாக வந்தது. மறுபடி ஊற்றி, மறுபடி ஓட்டி, கடைசியில் ஒரே சீராகத் தண்ணீர் விழுந்தது. அதற்குள் அம்மாள் ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே பழுப்புக் காகிதத்தைப் பரப்பி வைத்திருந்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் கறை காட்டிக்கொடுக்கும்! காட்டிக்கொடுத்தது. ஒரு கிளிப்பை இன்னும் அரைச் சுற்று முடுக்க வேண்டியிருந்தது.

வெளியே ஒழுகுவது தேவலை. உள்ளே ஒழுகுவதுதான் ஆபத்து. வெளியே ஒரு சொட்டும் காணோம், ஆனால் தொட்டியில் தண்ணீர் குறைகிறது என்றால், இஞ்சினைக் கிளப்பவே கூடாது. இன்டர்கூலர் ஓட்டையாகித் தண்ணீர் இஞ்சினுக்குள் இறங்கியிருக்கலாம். காற்றை நெருக்கலாம்; தண்ணீரை நெருக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். தொட்டி பெரிதாக ஆக, உள்ளே போகக் காத்திருக்கும் தண்ணீரும் அதிகம்.

இன்னொரு ஜாக்கிரதை. டெட்ராய்ட் பக்கத்தில் குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாயையும் இன்டர்கூலரையும் பிளந்துவிடும். அதனால் பனிக்காலம் வருமுன் உறையாத மருந்தைக் கலக்கிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எதிலீன் க்ளைக்கால். தித்திப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். குழந்தையும் நாயும் உள்ள வீட்டில் ஒரு சொட்டுகூடத் தரையில் விடக் கூடாது. அந்த டப்பாவை அம்மாள் எட்டாத அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள்.

பர்ஸும் சம்பளமும்

மறுநாள் பந்தயப் பாதைக்குப் போனோம். முன்பெல்லாம் முதல் ஓட்டத்தில் துள்ளும் கார், மூன்றாவது ஓட்டத்தில் சோர்ந்துவிடுமாம். இந்தத் தடவை ஐஸைக் கொட்டிக்கொண்டு ஓட்டியதில், மூன்றாவதும் முதலாவது மாதிரியே இருந்தது. வீட்டுக்காரருக்குப் பிடிபடாத சந்தோஷம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஐஸ் தீர்ந்துவிட்டது. வழியில் வண்டிகள் நெரிசல். எறும்பு மாதிரி ஊர்ந்தோம். தொட்டித் தண்ணீர் மெல்ல மெல்லச் சூடேறிற்று. நெரிசல் விட்டு நெடுஞ்சாலையில் வேகமெடுத்த பிறகும், அது சுலபத்தில் ஆறவில்லை. ஏன் என்கிறீர்களா? நிறையத் தண்ணீர் சூடேற நாழியாகும். சூடேறிவிட்டாலோ ஆறவும் அதே அளவு நாழியாகும். பெரிய அண்டா வெந்நீர் கதைதான்!

"தொட்டி இருந்துமா இப்படி?" என்றார் அவர்.

"பெரிய பர்ஸ் வாங்கினால் சம்பளம் கூடிவிடுமா?" என்று பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

வாசகர்களே, இந்தப் பெரிய விஷயத்தை இதைவிடச் சின்ன வாக்கியத்தில் என்னால் சொல்ல முடியாது. தொட்டி என்பது சேமிப்பு. முகப்பில் எதிர்க்காற்றில் சூட்டைக் கழிக்கும் ரேடியேட்டர்தான் வருமானம். 12 விநாடிச் செலவைச் சேமிப்பு தாங்கும். நாள் முழுதும் ஓட்ட வேண்டுமானால் வருமானம் வேண்டும். தொட்டி எதையும் குளிரவைப்பதில்லை. கொஞ்ச நேரம் கடன் கொடுக்கிறது, அவ்வளவே. வீட்டுக்கு வந்து முகப்பு ரேடியேட்டரைப் பார்த்தால், தகடுகளுக்கிடையே பூச்சியும் தூசியும் அப்பிக் கிடந்தன! தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவினார். செலவு ஒன்றுமில்லாத சிகிச்சை. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

கார் கம்பெனிகளும் இந்தச் சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தன. 2018ஆம் ஆண்டு மாடலாக வந்த டாட்ஜ் டெமன் என்ற சூப்பர்சார்ஜர் காரில் ஒரு குறும்பு செய்தார்கள். பந்தயத்தின்போது காரின் ஏர்கண்டிஷன் குளிர்ச்சியைப் பிரயாணிகளுக்குக் கொடுக்காமல், இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கத் திருப்பிவிட்டார்கள். இஞ்சினுக்குக் குளுகுளு, ஓட்டுகிறவருக்கு வியர்வை!

நமக்கு எதற்கு இந்தச் சூப்பர்சார்ஜர் வியவகாரம் என்று நினைக்கிறீர்களா? உங்கள் சமையலறை ஃபிரிஜ்ஜிலும் இதே கதைதான். உள்ளேயிருக்கும் வாயுவைக் கம்ப்ரஸர் நெருக்குகிறது, அது சூடாகிறது, அந்தச் சூட்டைப் பெட்டியின் முதுகிலோ பக்கவாட்டிலோ உள்ள குழாய்கள் வெளியே விட வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைத்தால் சூடு எங்கே போகும்? கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். மின்சாரக் கட்டணம் ஏறும். ஒரு சாண் இடம் விட்டுவைப்பதும், குழாய் வெளியே தெரியும் பெட்டியானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவ்வப்போது தூசி தட்டுவதும், ரேடியேட்டரைக் கழுவியதற்குச் சமானம்.

அன்று சாயங்காலம் டிக்கியைத் திறந்து காட்டினார் வீட்டுக்காரர். ஒரு பக்கம் பளபளவென்று தொட்டி. மறுபக்கம், சாக்கட்டிக் கோட்டுக்குள் கச்சிதமாகத் தள்ளுவண்டி. நடுவில் ஓர் உறை. 'ஏரிக்கரை' என்று எழுதி, உள்ளே முதல் தவணையாகக் கொஞ்சம் பணம் போட்டிருந்தது. எழுத்து அம்மாளுடையது அல்ல; அவருடையது.

அம்மாள் அதை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பந்தயத்துக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஐஸைப் போட்டு, எங்கள் எல்லோருக்கும் எலுமிச்சம்பழ சர்பத் கலக்க உள்ளே போனாள்.